பியூகி கண்ட புதுத் துருத்தி

கொல்லன் உலையில் கரி எவ்வளவு குவிந்திருந்தாலும், துருத்தி ஊதாவிடில் இரும்பு சிவக்காது. மோட்டார் வண்டியின் எஞ்சினும் ஒருவகை உலையே. அதன் சிலிண்டருக்குள் ஒரு பங்கு பெட்ரோல் செம்மையாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது எளிது. காற்றை மிகுதியாகப் புகுத்துவதே அரிது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால் புறக்காற்று தானே உள்ளே பாய்கிறது. இவ்வாறு தானே வரும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே எஞ்சினின் திறனுக்கும் ஓர் அளவு உண்டு.

அவ்வளவைக் கடக்கப் பொறியாளர்கள் அறிந்திருந்த வழிகள் இரண்டு. எஞ்சினைப் பெரிதாகச் செய்யலாம். அப்போது எடையும் விலையும் ஏறும். எஞ்சினின் சுழல்தண்டைக் கொண்டே ஓர் ஊதுகருவியை ஓட்டலாம். அப்போது ஈட்டிய திறனில் ஒரு பகுதியை அக்கருவியே உண்டுவிடும். இதற்கிடையே, எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறி வீணாகிக்கொண்டிருந்தது. வீணாகும் அந்த வாயுவைக் கொண்டே துருத்தியை இயக்கலாம் என்று கண்டவர் ஆல்பிரெட் பியூகி. அவர் இதைக் கண்டது இருபத்தாறாம் வயதில். கண்டதைக் கடல்மீது ஓடும் கப்பல்களில் இயக்கிக் காட்டியபோது அவருக்கு நாற்பத்தாறு வயது கடந்துவிட்டது.

சுவிட்சர்லாந்து நாட்டின் வடபகுதியில் விண்டர்தூர் என்னும் தொழில் நகரம் உள்ளது. அங்கே 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் பியூகி பிறந்தார். அந்நகரின் பெரும் இயந்திரத் தொழிற்சாலை சுல்ஸர் சகோதரர்களுடையது. 1834-ஆம் ஆண்டில் தோன்றியது. பியூகியின் தந்தை அங்கே உயர்ந்த பொறுப்பில் இருந்தார். பியூகி பிறந்த அதே ஆண்டில், பிற்காலத்தில் டீசல் எஞ்சினைப் படைத்த ருடால்பு டீசல், இருபத்தோரு வயது இளைஞராய் அத்தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். டீசலின் எஞ்சின் பெற வேண்டியிருந்த மற்றொரு பாதியை, அவ்வூரில் அப்போது தொட்டிலில் கிடந்த குழந்தையே பின்னாளில் சேர்த்தது.

பியூகி 1899-ஆம் ஆண்டில் சூரிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1903-ஆம் ஆண்டில் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பணியாற்றினார். எஞ்சின்களில் வெப்பம் வீணாவதைக் குறைப்பது எவ்வாறு என்னும் எண்ணமே அவர் உள்ளத்தில் மேலோங்கி நின்றது. 1905-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாளிட்ட ஜெர்மானியக் காப்புரிமை, அவ்வெண்ணத்தின் முதற் கனி. எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான வாயு ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரம் காற்றை அழுத்தும் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றும். அழுத்தப்பெற்ற காற்று சிலிண்டருக்குள் புகும். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், திறன் கூடும். இவ்வளவே அக்கருத்து. பிற்காலத்தில் டர்போ என்று உலகம் அழைத்த கருவியின் முழு வடிவமும் அத்தாள்களில் இருந்தது.

தாளில் சரியாக அமைந்த கருத்து பட்டறையில் அமையவில்லை. பியூகி சுல்ஸர் தொழிற்சாலையில் ஆராய்ச்சிப் பணியை மேற்கொண்டார். 1911-ஆம் ஆண்டில் அங்கே இதற்கெனத் தனிச் சோதனை நிலையம் ஏற்பட்டது. தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டர்பைன் அலகுகள் கொதிக்கும் வாயுவில் மூழ்கியவாறே கடுவேகத்தில் சுழல வேண்டும்; அந்த வெப்பத்தை நெடுநேரம் தாங்கும் எஃகு அக்காலத்தில் இல்லை. காற்றை அழுத்தும் சக்கரங்களோ, தமக்குக் கிடைத்த திறனில் பெரும்பகுதியை வீணாக்கின. மூன்றாவது தடை எல்லாவற்றிலும் கொடியது. வாயு வெளியேறும் வழியில் டர்பைனை வைத்தால் அதுவே ஓர் அடைப்பாகிவிடுகிறது. பழைய வாயு முழுதும் வெளியேறாமல் சிலிண்டரில் தங்குகிறது. புதுக் காற்றுக்கு இடம் குறைகிறது. காற்றை மிகுதியாக ஊட்ட வந்த கருவியே காற்றை மறிக்கும் கருவியாயிற்று. 1915-ஆம் ஆண்டில் உருவான மாதிரிப் பொறி நம்பி விற்கத்தக்கதாக இல்லை. கருத்து பிறந்து பத்தாண்டுகள் கழிந்தும் பயன் கிட்டவில்லை.

இதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. விமானங்கள் உயரே செல்லச்செல்ல மெல்லிய காற்றில் அவற்றின் எஞ்சின்கள் சோர்ந்தன. பிரான்சில் ராத்தோ என்னும் பொறியாளர் அவற்றுக்கு டர்போ பொருத்தினார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர் 1918-ஆம் ஆண்டில், கடல்மட்டத்தில் 350 குதிரைத்திறன் தரும் விமான எஞ்சினை, கொலராடோ மாநிலத்தில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் சிகரத்துக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். அங்கே அது 230 குதிரைத்திறனாகத் தளர்ந்தது. டர்போ பொருத்தியதும் 356 குதிரைத்திறன் தந்தது. இவ்விருவரும் பெரும்புகழுக்கு உரியவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உயரத்தில் இழந்ததை மீட்பது வேறு. கடல்மட்டத்திலேயே, முன்னர் இல்லாத திறனைப் பெறுவது வேறு. முன்னதைவிடப் பின்னது கடினம். ஏனெனில் உயரத்தில் புறக்காற்றின் அழுத்தம் குறைவு. வாயு தடையின்றி வெளியேறும். தரையில் அந்த உதவி இல்லை. பியூகி எடுத்துக்கொண்டது கடினமான பணியையே.

1924-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பேடன் நகரத்துப் பிரவுன் பொவேரி நிறுவனம், கனமான எஞ்சின்களுக்கு ஏற்ற டர்போ ஒன்றைச் செய்து விண்டர்தூருக்கு அனுப்பியது. நல்ல எஃகும் நல்ல சக்கரங்களும் ஒருவாறு கிடைத்துவிட்டன. அடைப்பு என்னும் மூன்றாம் தடை மட்டும் நின்றது. 1925-ஆம் ஆண்டில் பியூகி அதன் முடிச்சையும் அவிழ்த்தார்.

அவர் கண்டது இது. வெளியேற்றும் வால்வு திறந்தவுடன் வாயு ஒரே சீராக வருவதில்லை. முதலில் வெடிபோலப் பாய்கிறது. பின்னர்த் தணிந்து மெல்ல வழிகிறது. அதுவரை பொறியாளர்கள் எல்லாச் சிலிண்டர்களின் வாயுவையும் ஒரு பெருங்குழாயில் சேர்த்து, அமைதிப்படுத்தி, அதன்பின் டர்பைனுக்கு விட்டனர். குழாயில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நின்றது, அதுவே அடைப்பு. பியூகி அப்பெருங்குழாயை நீக்கினார். ஒன்று பாயும்போது மற்றொன்று குறுக்கிடாத சிலிண்டர்களை மட்டும் இரண்டு மூன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியே ஒரு குறுகிய குழாய் அமைத்தார். இப்போது வாயுவின் முதற் பாய்ச்சல் வேகம் குன்றாமல் டர்பைனைத் தாக்கியது. ஒரு பாய்ச்சலுக்கும் அடுத்த பாய்ச்சலுக்கும் இடையே குழாயின் அழுத்தம் தாழ்ந்தது. அந்தத் தாழ்ந்த கணத்தில் உள்வால்வும் வெளிவால்வும் சிறிதுநேரம் ஒருங்கே திறந்திருக்குமாறு செய்தார். உடனே டர்போ ஊட்டிய புதுக்காற்று சிலிண்டருக்குள் புகுந்து, எஞ்சியிருந்த பழைய வாயுவைத் துடைத்து வெளியே தள்ளியது. செல்லும் வழியில் பிஸ்டனின் தலையையும் வால்வையும் குளிர்வித்தது. வாயுவோடு கலந்து டர்பைன் அலகுகளின் வெப்பத்தையும் தணித்தது. மூன்றாம் தடைக்குக் கண்ட மருந்து முதல் தடையையும் பாதி தீர்த்தது!

அப்போது ஜெர்மனியிலும் இதற்கு ஒரு தேவை எழுந்திருந்தது. போருக்குப்பின் கிழக்குப் பிரஷ்யா என்னும் பகுதி ஏனைய ஜெர்மனியிலிருந்து நிலத்தால் பிரிக்கப்பட்டது. இடையே போலந்து நாடு வந்தது. ஆகவே பயணிகளைக் கடல்வழியே கொண்டு செல்ல விரைவான கப்பல்கள் தேவைப்பட்டன. அரசு இரு கப்பல்களைக் கட்டச் செய்தது. பிராய்சன் என்றும் ஹான்சஸ்டட் டான்சிக் என்றும் பெயர்பெற்ற அக்கப்பல்கள் 1926-ஆம் ஆண்டில் கடலில் இறங்கின. அவற்றின் பத்துச் சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் பியூகியின் மேற்பார்வையில் டர்போக்கள் பொருத்தப்பட்டன. டர்போ இன்றி 1,750 குதிரைத்திறன் தரக்கூடிய எஞ்சின், டர்போவுடன் 2,500 குதிரைத்திறன் தந்தது. இருபது ஆண்டுக் காத்திருப்பின் பயன் அந்த 750 குதிரைத்திறன். அவ்விரு கப்பல்களும் 1941-ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின்போது, சுவீடன் கரையருகே கடற்கண்ணிகளில் சிக்கி மூழ்கின.

பியூகி சுல்ஸர் நிறுவனத்தை விட்டு வெளியேறி, தம் காப்புரிமைகளை முதலாகக் கொண்டு ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தினார். பிரவுன் பொவேரி டர்போக்களைச் செய்தது. விண்டர்தூரின் ரயில் எஞ்சின் தொழிற்சாலை சோதனைகளுக்கு இடம் தந்தது. பியூகி படித்த கல்லூரியின் புகழ்மிக்க பேராசிரியர் ஸ்டோடோலா, பியூகி முறையில் அமைந்த எஞ்சினைத் தாமே சோதித்து, 1928-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். அதன்பின் ஐயுற்றவர்களின் தொகை குறைந்தது. கப்பல்களுக்கும் ரயில் எஞ்சின்களுக்கும் மின்நிலையங்களுக்கும் டர்போ பரவியது. 1938-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் அதனை லாரி எஞ்சினுக்கும் கொண்டுவந்தது. பியூகி 1959-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள், தாம் பிறந்த விண்டர்தூரிலேயே காலமானார்.

டர்போ பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்ததை அவர் காணவில்லை. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய கார்கள் இரண்டு வெளிவந்தன. இரண்டும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போவைச் சேர்த்துச் செய்தவையே. அவ்விரண்டின் கதையும் ஒப்புநோக்கத்தக்கது. பிஸ்டன் மேலேறி, உள்ளே வந்த கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை அழுத்த விகிதம் என்பர். காற்றைச் சுருக்கினால் அது சூடேறும். டர்போ ஒருமுறை சுருக்கிய காற்றைப் பிஸ்டன் மீண்டும் சுருக்கும்போது சூடு அளவுமீறினால், பெட்ரோல் கலவை உரிய காலத்துக்குமுன் தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். சம்மட்டியால் அடிப்பது போன்ற அத்தட்டலைப் பிஸ்டன் நெடுநாள் தாங்காது. செவ்ரோலே கோர்வேர் காரைச் செய்தவர்கள் அழுத்த விகிதத்தை 8 ஆகக் குறைத்து, உள்ளுறுப்புகளை வலுவாக்கினர். அக்கார் 150 குதிரைத்திறன் தந்தது. சில ஆண்டுகள் விற்பனையில் நிலைத்தது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரிலோ விகிதம் 10-க்கு மேலேயே இருந்தது. தட்டலைத் தடுக்க, நீரும் மெத்தில் ஆல்ககாலும் கலந்த திரவத்தைத் தனிக்கலத்திலிருந்து எஞ்சினுக்குள் தெளித்தனர். கலம் காலியானதைப் பலர் கவனிக்கவில்லை. அதன் உற்பத்தி 1963-ஆம் ஆண்டோடு நின்றது.

இந்நாளில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய காரின் எஞ்சினுக்கு டர்போ பொருத்த முயல்வோர் பல நாடுகளில் உளர். அவர்கள் எதிர்ப்படும் தடைகளுள் புதியவை சிலவே. அழுத்த விகிதம் உயர்ந்த எஞ்சினாயின் ஊட்டும் அழுத்தத்தைக் குறைவாக வைக்க வேண்டும். காற்றைக் கூட்டியபின் பெட்ரோலைக் கூட்டாவிடில் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். அழுத்திய காற்று எஞ்சினுக்குள் புகுமுன் ரேடியேட்டர் போன்ற ஒரு குளிர்விப்பானைக் கடக்க வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. அதனைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. எஞ்சினிலிருந்து அதற்கு எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டும். திரும்பும் குழாய் அகலமாகவும் சரிவாகவும் இருக்க வேண்டும். விரைந்து ஓட்டி வந்தவுடன் எஞ்சினை நிறுத்திவிட்டால், தங்கிய எண்ணெய் வெப்பத்தில் கருகித் தண்டைப் பற்றிக்கொள்ளும். ஆதலால் சிறிதுநேரம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துவர்.

கப்பல்களிலோ நிலை இன்னும் வியப்புக்குரியது. இன்று பெருங்கடல்களில் சரக்கேற்றிச் செல்லும் மாபெரும் டீசல் எஞ்சின்கள் டர்போ இல்லாமல் தம் முழுத்திறனைத் தர மாட்டா. புறப்படும் நேரத்தில் கழிவுவாயு போதாமையால், மின்சாரத்தால் இயங்கும் ஊதுகருவிகள் அவற்றுக்குக் காற்றூட்டுகின்றன. கப்பல் வேகம் பெற்றதும் அக்கருவிகள் நின்றுவிடுகின்றன. பியூகியின் துருத்தி பணியை ஏற்றுக்கொள்கிறது.