அம்பேத்கரும் லண்டன் பட்டமும்

டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்களை இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராகவே நம்மவருள் பெரும்பாலோர் அறிவர். அவர் முதற்கண் பொருளாதாரப் புலவர் என்பதும், அத்துறையில் ஒரு பட்டத்தின்பொருட்டு ஐந்தாண்டு போராடினார் என்பதும் அத்துணைப் பரவலாகத் தெரிந்தவையல்ல. மேற்படிப்பை விரும்பிக் கைப்பொருளை எண்ணித் தயங்கும் மாணாக்கர் நம்மிடையே பலராதலின், அப்பகுதியையே ஈண்டு விரித்துரைப்போம்.

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மௌ நகரில், படையிற் சுபேதாராயிருந்தவர்க்கு மகனாய் மகார் குலத்தில் அவர் பிறந்தார். தீண்டாமையின் கொடுமையைப் பள்ளியிலேயே நுகர்ந்தார். எனினும் 1912-இல் பம்பாயில் பி.ஏ. தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் திங்கட்குப் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உபகாரச் சம்பளம் அளித்தார். அதுகொண்டு நியூயார்க் சென்று, கொலம்பியா சர்வகலாசாலையிற் பேராசிரியர் செலிக்மனிடம் பயின்று, 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அச்சிறு தொகையிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பிவந்தார்.

1916-இல் லண்டன் பொருளாதாரக் கலாசாலையிற் சேர்ந்தார். கட்டணம் 10 கினி. அஃதாவது பத்தரைப் பவுன். அவருடைய ஒரு மாத உபகாரச் சம்பளமே அதற்குப் போதும். பட்டத்தின் விலை கட்டணத்தில் இல்லை. உண்டியிலும் உறையுளிலுமே இருந்தது. 1917-இல் உபகாரச் சம்பளம் நின்றது. படிப்பு பாதியில் முடங்கிற்று. நான்காண்டுக்குள் மீண்டு வந்து தொடரலாம் எனக் கலாசாலையார் இசைவளித்தமை ஒன்றே ஆறுதல். போர்க்காலமாதலின், தனியே அனுப்பிய அவர்தம் புத்தக மூட்டைகள் கப்பலோடு கடலில் மூழ்கின.

ஒப்பந்தப்படி பரோடா சமஸ்தானத்திற் பணியேற்றார். கற்ற கல்வியைக் கண்டவர் இலர்; குலத்தையே கண்டனர். தங்க இடமும் கிடைத்திலது. மனம் நொந்து பம்பாய் திரும்பினார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் 450 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியரானார். ஏறத்தாழ ஒன்றரையாண்டு அச்சம்பளத்திற் சிறுகச் சிறுகச் சேமித்தார். துணைவியார் ரமாபாய் அம்மையார் எஞ்சியதில் இல்லறம் நடத்தினார். அப்பட்டத்திற் செம்பாதி அவ்வம்மையார்க்கே உரியதென்பது எம் எண்ணம். சேமிப்புடன், கோலாப்பூர் மன்னர் சாஹு மகாராஜாவின் உதவியும், நாவல் பாத்தேனா என்னும் பார்சி நண்பர் தந்த கடனும் சேர, 1920 ஜூலையிற் கப்பலேறினார்.

கட்டணம் ஒரு கினி ஏறி 11 ஆகியிருந்தது. கலாசாலையார் அளித்த தவணையோ முடியுந் தறுவாயில் இருந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, இரவிற் சுட்ட அப்பளம் எனப் பசியை அடக்கி, பிரிட்டிஷ் பொருட்காட்சி நூலகத்தில் திறக்கும் வேளைமுதல் மூடும் வேளைவரை அமர்ந்திருப்பார் என்பர். பிரிட்டிஷ் இந்தியாவில் மத்திய அரசின் நிதியதிகாரம் மாகாணங்கட்குப் பகிரப்பட்ட முறையை ஆராய்ந்தெழுதி, 1921 ஜூனில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

அடுத்து ரூபாயின் சிக்கலை டாக்டர் பட்டத்திற்கு எடுத்துக்கொண்டார். தேர்வாளர் சில பகுதிகளைத் திருத்துமாறு பணித்தபொழுது கையிற் பணமில்லை. 1923 ஏப்ரலில் ஊர் திரும்பி, பம்பாயிலிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டிறுதிக்குள் பட்டமும் வந்தது, பேராசிரியர் கானன் முன்னுரையுடன் நூலும் வெளிவந்தது. 1925-இல் இந்திய நாணயத்தை ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷனார் முன் அவர் சாட்சியம் அளித்தார்.