ஒரே மேடையில் ஐந்து சின்னப்பா: ஹெட்போன் இல்லாத காலத்தில் தன் குரலைக் கேட்டது எப்படி?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது நார்த்தாமலை. மேலே விஜயாலய சோழீஸ்வரம், எதிரே பாறையைக் குடைந்து எடுத்த குகைக் கோயில்கள். சமணர் குடகு என்கிற குடைவரைக்குள் நின்று மெதுவாக ஒரு ஸ்வரம் இழுத்துப் பாருங்கள். கல் சுவர் குரலைத் திருப்பித் தரும். சுமாரான தொண்டைகூட அங்கே கொஞ்சம் கனமாகக் கேட்கும். அதே ஆள் வீட்டு பெட்ரூமில் மைக் முன்னால் ஹெட்போன் மாட்டிப் பாடினால்? நம்ம குரலா இது என்று ஒரு நொடி பயமே வரும்.

இந்தப் பயத்தை வேறு வடிவத்தில் சந்தித்தவர், இந்த மலை இருக்கும் அதே புதுக்கோட்டைச் சீமைக்காரர். பி.யு.சின்னப்பா. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு ஈடாக ரசிகர் பட்டாளம் வைத்திருந்த பாடகர்-நடிகர்.

1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். பையனும் சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து பெயர் வாங்கினார். பின்னாளில் எம்.ஜி.ஆர் ஆன சிறுவனும் அதே கம்பெனியில்தான் இருந்தார். அந்தக் கால மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்கிற மாதிரி உச்ச ஸ்தாயியில் பாட வேண்டும். கீழே ஹார்மோனியம், எதிரே கூட்டம். தன் குரல் எப்படி இருக்கிறது என்று பாடகருக்குத் தெரிய வழி, கொட்டகையில் பட்டுத் திரும்பும் ஒலியும் கூட்டத்தின் முகமும்தான்.

அப்புறம் வந்தது மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் எல்லோரும் பயந்த வார்த்தை அது. வளரும் வயதில் குரல் உடைந்தால் வேடம் போகும், சம்பளமும் போகும். சின்னப்பாவுக்கும் உடைந்தது. கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். சும்மா உட்காரவில்லை. சிலம்பம், குஸ்தி, உடற்பயிற்சி என்று உடம்பை ஏற்றினார். சங்கீதத்தை முறையாகக் கற்றுக்கொண்டார். பழைய பையன் குரல் திரும்பவில்லை, வேறொரு குரல் வந்தது. நாம் பிறகு ரிக்கார்டில் கேட்டது அதைத்தான்.

1936-ல் ஜூபிடர் பிக்சர்ஸின் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். ஆனாலும் பெரிய திருப்பம் 1940-ல்தான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தம புத்திரன்', இரட்டை வேடம். 'ஆர்யமாலா', 'கண்ணகி', 'மனோன்மணி' எல்லாம் அடுத்த இரண்டே வருடத்தில் வரிசையாக வந்தன.

தமிழ் டாக்கியின் தொடக்கத்தில் காமிரா ஓடும்போதே பாடவும் வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் ஒளிந்திருந்து வாசிப்பார்கள். 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாடல் முறை நுழைந்த பிறகு, பாட்டை முன்பே பதிவு செய்து படப்பிடிப்பில் வாயசைப்பது மெல்லப் பரவியது. நடிகருக்கு இது புது வேலை. தன் குரலையே வெளியிலிருந்து கேட்டுக்கொண்டு அதோடு ஒட்டிப் போக வேண்டும்.

அதன் உச்சம் 1944-ல் பட்சிராஜா தயாரித்த 'ஜகதலப்பிரதாபன்'. ஒரு கச்சேரிக் காட்சியில் திரையில் ஐந்து சின்னப்பா! ஒருவர் பாட, மற்றவர்கள் உடன் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அன்றைக்குப் பல வேடம் எடுக்க ஒரு வழி இருந்தது: காமிராவை அசைக்காமல், படச்சுருளின் ஒரு பகுதியை மறைத்து மறைத்துத் திரும்பத் திரும்பப் படமெடுப்பது. ஐந்து பேருக்கும் தாளம் ஒன்றாக விழ வேண்டும். இன்றைக்கு லேப்டாப்பில் ஒரே ஆள் ட்ராக் மேல் ட்ராக் போடுகிறாரே, கண்ணுக்கு அது இப்படித்தான் இருந்தது!

சரி, நம்ம பெட்ரூமுக்கு வருவோம். வெறும் குரல் காதில் விழுந்தால் பலர் தொண்டையை அழுத்திக் கத்துவார்கள். கொஞ்சம் ரிவெர்ப் கேட்டால் தளர்ந்து பாடுவார்கள். அதனால் எஃபெக்ட் காதுக்குப் போகட்டும், பதிவில் வெறும் குரல் மட்டும் இருக்கட்டும். பிறகு மிக்ஸிங்கில் மாற்றிக்கொள்ளலாம். பதிவிலேயே ஏறிவிட்ட ரிவெர்ப்பைச் சுத்தமாகக் கழற்ற முடியாது.

சிக்கல் தாமதத்தில். 48,000 சாம்பிள் வேகத்தில் பஃபர் 512 என்றால் உள்ளே போக சுமார் 10.7 மில்லிசெகண்ட், வெளியே வர இன்னொரு 10.7. காதில் உறுத்தும். 128 வைத்தால் இரண்டும் சேர்த்து 5.3 அளவில் நிற்கும், ஆனால் கம்ப்யூட்டர் திணறலாம். அப்போது இப்படிச் செய்யுங்க: இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் வெறும் குரலைக் கேளுங்க, சாஃப்ட்வேரிலிருந்து 100 சதவீதம் ரிவெர்ப் மட்டும் வரட்டும். ரிவெர்ப் எப்படியும் சற்றுப் பின்னால் வருவதுதானே, கொஞ்சம் தாமதமானால் உறுத்தாது. நார்த்தாமலைப் பாறையும் அதைத்தான் செய்கிறது. ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் தாமதம் பாடவே விடாது. ரிவெர்ப்பையும் அள்ளிக் கொட்டாதீங்க. ஸ்ருதி விலகுவது அதில் மறைந்துவிடும்.

சின்னப்பாவுக்கு மறைக்க எதுவும் கிடைக்கவில்லை. 1949-ல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். சம்பாதித்ததை எல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிப் போட்டார். இனி அவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று மன்னரே தடை போட்டதாக ஊரில் ஒரு கதை இன்னும் உலவுகிறது. 1951 செப்டம்பர் 23-ல் புதுக்கோட்டையிலேயே காலமானார். வயது 35. கடைசிப் படமான 'சுதர்சன்' திரைக்கு வந்தபோது அவர் இல்லை, குரல் மட்டும் கொட்டகையில் ஒலித்தது.