பல்லாவரத்துக் கல்லின் கீழ் உறங்கும் சார்னாக்

கல்கத்தாவில் பழைய டல்ஹௌசி சதுக்கம், இன்றைய பி.பி.டி. பாக் பக்கம் ஆபீசுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் தெரிந்திருக்கும். கவர்னர் மாளிகைக்கு வெகு அருகில் உள்ளது. அதன் தோட்டத்தில், எட்டுப் பட்டை வைத்துக் கட்டிய மண்டபத்துக்குள் புதைக்கப்பட்டிருப்பவர் ஜாப் சார்னாக். கல்கத்தா நகரை உண்டாக்கியவர் என்று பல தலைமுறைகள் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் அது.

இவர் 1630-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். தகப்பனார் லண்டன்வாசியான ரிச்சர்ட் சார்னாக். வம்சத்தின் பூர்வீகம் இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள லங்காஷயர். அங்கே சார்னாக் ரிச்சர்ட், ஹீத் சார்னாக் என்று இரண்டு கிராமங்கள் இன்றும் உள்ளன. நம் பக்கத்தில் பெயரோடு ஊரைச் சேர்த்துக்கொள்வது போல அங்கேயும் ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. ஸ்டீபன் சார்னாக் என்ற புகழ்பெற்ற மதபோதகர் இவருடைய தமையனாராக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. மேல்நோக்கிப் போனால் மரம் இவ்வளவுதான். கீழ்நோக்கி வந்தால்தான் கதையே இருக்கிறது.

1655-56 வாக்கில் சார்னாக் இந்தியாவுக்கு வந்தார். காசிம்பஜாரில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகம். ஆண்டுச் சம்பளம் 20 பவுன். பிறகு பாட்னா. அங்கிருந்து வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை வாங்கிக் கப்பலுக்கு அனுப்புவதே வேலை. அதில் சுமார் இருபது வருஷம் ஓடிவிட்டது. அந்நாளில் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்த பலர் சீக்கிரமே காய்ச்சலில் மாண்டார்கள். பிழைத்தவர்கள் பணத்தோடு ஊர் திரும்பினார்கள். சார்னாக் மாளவும் இல்லை, திரும்பவும் இல்லை.

பாட்னாக் காலத்தில்தான் ஓர் இந்துப் பெண்ணை மனைவியாக ஏற்றார். இதற்கு இரண்டு கதைகள் உண்டு. உடன்கட்டை ஏறப்போன இளம் விதவையைச் சிப்பாய்களைக் கொண்டு மீட்டுவந்தார் என்பது ஒன்று. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் தலைவர் 1727-ல் அச்சான தம் நூலில் எழுதியது இது. அவள் கிறிஸ்தவளாகவில்லை, இவர்தான் பாதி இந்துவானார், அவள் இறந்தபின் ஆண்டுதோறும் சமாதியில் சேவல் பலியிட்டார் என்றும் அதே நூல் கூறுகிறது. மற்றது வில்லியம் ஹெட்ஜஸ் 1682-ல் தம் நாட்குறிப்பில் எழுதியது. அவள் விதவையே அல்ல, புருஷனை விட்டு நகையோடு ஓடிவந்தவள், நவாபுக்குப் புகார் போய் சார்னாக் 3,000 ரூபாய் கொடுத்துத் தப்பினார் என்கிறது அது. ஹெட்ஜஸ் அவருக்கு மேலதிகாரி, ஜன்மப் பகைவர். ஹாமில்டனோ சார்னாக் செத்துப் பல்லாண்டுக்குப் பிறகு எழுதியவர். இரண்டையும் அப்படியே நம்புவதற்கில்லை. அவளை மரியா என்று பிற்காலத்தார் குறிப்பிட்டார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பெண்கள் மூவரின் பெயர்கள் ஏட்டில் ஏறியதும் நம் சென்னையில்தான். 1686-ல் ஹூக்ளியில் மொகலாயப் படையோடு சண்டை மூண்டது. ஆங்கிலேயர் ஹிஜிலித் தீவில் ஒதுங்கி, காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். கடைசியில் வங்காளத்தையே விட்டுவிட்டுக் கப்பலேறி 1689 மார்ச்சில் சென்னை சேர்ந்தார்கள். அந்த ஆகஸ்ட் 19-ந் தேதி செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மேரி, எலிசபெத், காதரின் மூவருக்கும் ஞானஸ்நானம் ஆயிற்று. மூவரும் கைக்குழந்தைகள் அல்ல. தாய் உயிரோடிருந்த வரையில் சார்னாக் அதற்கு அவசரப்படவில்லை என்று தோன்றுகிறது.

மறுவருஷம் ஆகஸ்ட் 24-ல் சார்னாக் சுதானுடியில் மறுபடி இறங்கினார். கொட்டும் மழை, தங்க ஒழுங்கான கூரை இல்லை. 1693 ஜனவரி 10-ல் அங்கேயே காலமானார். கல்லறையில் 1692 என்றிருக்கும். அக்காலத்து ஆங்கிலேயருக்கு வருஷம் மார்ச்சில்தான் பிறந்தது.

ஆண் வாரிசு இல்லை. மூத்தவள் மேரியின் கணவர் சார்லஸ் ஐர்தான் மாமனாருக்கு மண்டபம் எழுப்பினார். மேரி 1697-ல் இறந்து அங்கேயே அடக்கமானாள். மறுவருஷம் சுதானுடி, கோவிந்தபூர், கோலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையை சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரிடம் 1,300 ரூபாய்க்கு வாங்கியவரும் இந்த மருமகனே. ஜோனதன் வைட் என்பவரை மணந்த காதரின் 1701-ல் போனாள். அவளுக்கும் அதே இடம். நடுப்பெண் எலிசபெத், வில்லியம் பௌரிட்ஜின் மனைவி, ஆயுசு கெட்டி. தகப்பனுக்குப் பின் அறுபது வருஷம் வாழ்ந்து 1753-ல் கண்மூடினாள். சிராஜுத்தௌலா கல்கத்தாவைப் பிடித்ததைப் பார்க்கும் கஷ்டம் மூன்று வருஷத்தில் தப்பியது.

சார்னாக் என்ற பெயர் மகன் வழியில் தொடரவில்லை, கல்லில் தொடர்கிறது. கல்லறை மேல் உள்ள கறுத்த பலகை சென்னைப் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அதைப் பரிசோதித்தார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டு, அந்தப் பாறை இனத்துக்கே சார்னகைட் என்று பெயர் சூட்டினார். நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இதே இனம். நாம் சாதாரணமாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம்.

கிராமங்களை விற்ற சாவர்ண குடும்பத்தின் மரம் மட்டும் இன்றும் தழைத்து நிற்கிறது. ஜனங்கள் வாழ்ந்த ஊரை இவர் வந்துதான் உண்டாக்கினாரா என்று கேட்டு அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சார்னாக்கை நகரின் ஸ்தாபகர் என்றோ ஆகஸ்ட் 24-ஐ அதன் பிறந்தநாள் என்றோ கொள்ளக்கூடாது என்று கல்கத்தா ஹைகோர்ட் 2003 மே மாதம் தீர்ப்பளித்தது. அதன்பின் பாடப் புத்தகங்களையும் திருத்த வேண்டியதாயிற்று.