ரப்பர் முறுக்கில் விமானம் விட்ட பெனோ

சூரியநெல்லியில் இருந்து மூணாறு, அடிமாலி வழியாக மலையிறங்கினால், தேயிலை முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்கும். ரப்பர் என்றதும் டயரும் செருப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் விமானம் தடுமாறாமல் பறக்க முடியும் என்பதை உலகுக்கு முதலில் மெய்ப்பித்ததும் ஒரு ரப்பர் இழைதான். அதைச் செய்தவர் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர்.

கைநழுவிய கடற்படை

பெனோ 1850-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். கடற்படை அதிகாரிகளின் குடும்பம் அது. அவரும் கடற்படைக்கே போக விரும்பினார். இடுப்பில் கண்ட நோய் அவரை ஊன்றுகோல் பிடித்து நடக்க வைத்துவிட்டது. கடல் இல்லை என்றானதும் அவர் கவனம் வானத்தின் மீது சென்றது.

அக்காலத்தில் பறக்கும் பொம்மைகளுக்குக் கடிகாரச் சுருள்வில்லைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதன் கனமே பொம்மையைக் கீழே இழுத்தது. முறுக்கிய ரப்பர் கனமும் குறைவு, விலையும் குறைவு என்று கண்டார் பெனோ. 1870-ல் அந்த விசையால் மேலெழும் ஒரு சிறு ஹெலிகாப்டரைச் செய்தார்.

11 விநாடிகள்

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் துய்லரி பூங்காவில் அறிஞர்கள் முன்னிலையில் தமது மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். இறக்கையின் அகலம் சுமார் 45 செ.மீ. எடை 16 கிராம்தான். பின்புறம் சுழல்விசிறி, அதன் முன்னே ஒரு சிறு வால் இறக்கை. இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்து, வாலைச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் அமைத்திருந்தார். அதனால் யாரும் பிடிக்காமலே விமானம் சமநிலையில் நின்றது. அது பறந்த நேரம் 11 விநாடி.

1876-ல் பால் கோஷோ என்பவருடன் சேர்ந்து ஆள் ஏறிச் செல்லும் விமானத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரட்டைச் சுழல்விசிறி, உள்ளே மடங்கும் சக்கரம், ஒரே கைப்பிடியில் கட்டுப்பாடு, கண்ணாடிக் கூண்டு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அதைத் தூக்கும் அளவுக்கு லேசான என்ஜின் அன்று இல்லை. பணம் போடவும் ஆள் இல்லை.

நோயும் ஏளனமும் அவரை வாட்டின. நீராவி வான்கப்பல் செலுத்திப் புகழ்பெற்ற ஹென்றி ஜிபாரிடம் உதவி நாடினார். அங்கும் கதவு திறக்கவில்லை. தமது வரைபடங்களை ஒரு சிறு சவப்பெட்டியில் வைத்து ஜிபார் வீட்டில் சேர்த்துவிட்டு, 1880 அக்டோபரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30.

அமெரிக்காவில் முளைத்த விதை

பெனோ அறியாத ஒன்று உண்டு. 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தம் பிள்ளைகளுக்குப் பெனோ முறையில் அமைந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையை வாங்கி வந்தார். மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. பொம்மை உடைந்ததும் தாங்களே புதிது செய்தார்கள். அந்தப் பிள்ளைகள்தாம் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களது விமானம் முதன்முதலாகப் பறந்தது 12 விநாடி. பெனோவின் பொம்மையைவிட ஒரு விநாடிதான் அதிகம்.

இன்று பால்சா என்ற மிக லேசான மரத்தில், ஒன்றரை கிராமுக்கும் குறைந்த எடையில் விமானம் செய்து, காற்றசையாத பெரும் மண்டபங்களில் போட்டி நடத்துகிறார்கள். அரை கிராமுக்கும் குறைந்த ரப்பரில் அவை அரை மணி நேரம்கூடப் பறக்கின்றன.

பிள்ளைகள் குச்சியும் காகிதமும் ரப்பரும் கேட்டு நச்சரித்தால் விரட்ட வேண்டாம். பெனோவுக்குக் கிடைக்காத ஆதரவு அவர்களுக்காவது கிடைக்கட்டும்.