குதிரை வீரர் நோலன்

குதிரையின் இயல்பை நெடுந்தீவாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நியர் ஆட்சிக் காலத்தில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இன்றும் வெளிகளில் மேய்ந்து திரிகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் அவற்றைப் பராமரித்த துரையின் பெயரும் நோலன்தான். நாம் இங்கு கூறப் புகுந்த நோலன் வேறொருவர். ஆயினும் இவரும் குதிரையோடு வாழ்ந்து குதிரைமீதே மாண்டவர்.

லூயிஸ் எட்வேட் நோலன் 1818ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படை அதிகாரி. குடும்பம் இத்தாலியிலுள்ள மிலான் நகரிற் குடியேறியமையால், மகன் ஒஸ்திரியப் படைக் கல்லூரியிற் பயின்று, அந்நாட்டுக் குதிரைப் படையிற் சேர்ந்தார். 1839இல் ஆங்கிலப் படையின் 15ஆம் ஹுசார் அணிக்கு மாறி இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரிற் பல்லாண்டு பணி. பின்னர் சென்னைக் கவர்னர் பொட்டிஞ்சரின் உடனிருந்து உதவும் படை உத்தியோகம்.

குதிரையை அடித்தும் வருத்தியும் பழக்குவதே அக்கால வழக்கம். நோலன் அதனை வெறுத்தார். பொறுமையும் அன்புமே குதிரையைப் பணியவைக்கும் என்று கொண்டு, 1852இல் அதுபற்றி ஒரு நூல் எழுதினார். மறுவருடம் குதிரைப் படையின் வரலாறும் போர்முறையும் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. ஐதராபாத் நிசாமின் குதிரை வீரர் வாள்வீச்சிற் பேர்பெற்றவர்கள். அவ்வாள்கள் எவை என்று நோலன் ஆராய்ந்தார். ஆங்கிலப் படை வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய வாள்களே அவை! நம்மவர் அவற்றைச் சவரக்கத்தி போலத் தீட்டி, மர உறையில் இட்டு வைத்திருந்தனர். ஆங்கிலேயரின் இரும்பு உறையோ கூரை மழுக்கிவிடும். ஆளவந்தவர் தம் வாளின் அருமையை ஆளப்பட்டவரிடம் கற்க வேண்டியதாயிற்று. அதனை ஒளியாது எழுதிய நோலனை நாம் மெச்சுகிறோம்.

1853இல் கிரைமியாப் போர் மூண்டது. 1854 ஒக்டோபர் 25ஆம் நாள், பலக்கிளாவாவில், பகைவர் பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கும்படி சேனாபதி றக்லன் பிரபு விடுத்த கட்டளையை நோலனே எடுத்துச் சென்றார். மலைமேல் நின்ற றக்லனுக்குத் தெரிந்த பீரங்கிகள் பள்ளத்தில் நின்ற லூக்கன் பிரபுவுக்குத் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று லூக்கன் வினவ, நோலன் ஆத்திரத்தோடு கையை வீசிக் காட்டினார். கை காட்டியதாக லூக்கன் கொண்ட திசை பள்ளத்தாக்கின் கோடி. அங்கே ருஷியப் பீரங்கிகள் வரிசையாக நின்றன. இருபுறத்து மேடுகளிலும் பகைவரே.

ஏறத்தாழ 670 குதிரை வீரர் புறப்பட்டனர். நோலனும் உடன் சென்றார். சிறிது தூரம் போனதும், அணியைக் குறுக்கிட்டு முன்னே பாய்ந்து ஏதோ கூவினார். வழி தவறென்று தடுக்க முயன்றார் என்பர் பலர். அதுவே பொருத்தமென எமக்கும் படுகிறது. அக்கணமே வெடித்த குண்டின் சிதறல் அவர் மார்பைப் பிளந்தது. அன்று அவ்வணியில் முதலில் விழுந்தவர் அவரே. வயது 36.

ஏறக்குறைய 110 பேர் மாண்டனர். ரெனிசன் கவிஞர் அவ்வீரரைப் பாடிப் புகழ்பெற்றார். றக்லன் லூக்கனைக் குறைகூறினார். லூக்கன் றக்லனையும் நோலனையும் குறைகூறி, இராணுவ விசாரணை கேட்டார். அது மறுக்கப்பட்டது. 1855 யூன் மாதம் றக்லனும் கிரைமியாவிலேயே இறந்தார்.