கல்லறையில் குறிப்பெடுத்த மாயவித்தைக்காரர்

1898ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஈயமும் துத்தநாகமும் தோண்டியெடுக்கும் கலீனா என்ற சுரங்க ஊர். அங்குள்ள நாடக அரங்கில் அன்றிரவு கூட்டம் நிறைந்திருந்தது. இறந்தவர்களோடு பேசக்கூடிய ஓர் இளைஞர் வந்திருக்கிறார் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆவிகளுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் நடுவில் தூது போவதாகச் சொல்பவர்களை மீடியம் என்பார்கள். அந்த இளைஞர் அன்றைக்கு ஒரு மீடியம்.

அவரைக் கயிற்றால் கட்டிப் போட்டும் திரைக்குப் பின்னால் இசைக்கருவிகள் ஒலித்தன. பிறகு கூட்டத்தில் இருந்தவர்களின் குடும்பத்தில் யார் இறந்தார்கள், எப்படி இறந்தார்கள், இப்போது என்ன சொல்ல விரும்புகிறார்கள் என்றெல்லாம் அறிவிப்பு வந்தது. கேட்டவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள்.

அந்த இளைஞருக்கு அப்போது 23 வயது. பெயர் ஹாரி ஹூடினி.

கைவிலங்கிலிருந்தும் பூட்டிய பெட்டிகளிலிருந்தும் தப்பிக்கும் மன்னனாகத்தான் ஹூடினியை நமக்குத் தெரியும். பள்ளி நூலகத்தில் நான் படித்த புத்தகத்திலும் அவ்வளவுதான் இருந்தது. கலீனாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவர் எப்படிச் செய்தார்? கயிற்றை அவிழ்ப்பது அவருக்குக் கைவந்த கலை. தகவல் திரட்டுவதற்கு உழைப்பு மட்டும் போதும். ஓர் ஊருக்குப் போனதும் இடுகாட்டுக்குச் சென்று கல்லறைகளில் உள்ள பெயர்களையும் தேதிகளையும் குறித்துக்கொள்வார். ஊர்க்கதை தெரிந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். மாலையில் அதே செய்திகள் மேடையில் ஆவியின் குரலாகத் திரும்பி வரும்.

இடுகாட்டுக்குப் போகாமலும் இதைச் செய்யலாம். கூட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் சுலபம். நம் ஊரில் ஒரு மண்டபத்தில் 300 பேரை உட்கார வைத்து, ‘மு’ என்று தொடங்கும் பெயருள்ள ஒரு பெரியவர், நெஞ்சில் ஏதோ கோளாறால் போனவர், இங்கே யாரையோ தேடுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். முத்தையா, முனியாண்டி, முருகேசு என்று சில கைகளாவது உயரும். மீதிக் கதையைக் கை தூக்கியவரே சொல்லிவிடுவார். தவறாகச் சொன்ன பத்தும் மறந்துபோகும். சரியாக விழுந்த ஒன்று மட்டும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

ஹூடினி 1874ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூத சமய குருவின் மகனாகப் பிறந்தவர். இயற்பெயர் எரிக் வைஸ். நான்கு வயதில் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வறுமைதான். 1892ல் தந்தை இறந்தார். ராபர்ட் ஹூடின் என்ற பிரெஞ்சு மாயவித்தைக் கலைஞரின் பெயரை வைத்துத் தனக்கு மேடைப்பெயர் சூட்டிக்கொண்டு, மனைவி பெஸ்ஸுடன் ஊர் ஊராக அலைந்தார். மருந்து விற்கும் ஒரு குழுவோடு சுற்றியபோதுதான், கூட்டம் சேர்ப்பதற்காக மீடியம் வேடம் போட்டார். மக்களின் துக்கத்தோடு விளையாடுகிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை என்று பின்னாளில் வருந்தி எழுதினார்.

1899க்குப் பிறகு அவருடைய நிலை மாறியது. பெரிய அரங்குகளும் ஐரோப்பியப் பயணமும் பணமும் தேடி வந்தன.

அவருக்கு உலகிலேயே மிகவும் பிடித்தவர் தாய் சிசிலியா. 1913ஆம் ஆண்டு ஜூலையில், கோப்பன்ஹேகனில் இருந்தபோது தாய் இறந்த தந்தி கிடைத்தது. படித்தவர் மயங்கி விழுந்தார். நிகழ்ச்சிகளை ரத்து செய்துவிட்டுக் கப்பலேறினார். யூத வழக்கப்படி உடனே அடக்கம் செய்ய வேண்டிய உடலை, அவர் வந்து முகம் பார்ப்பதற்காகக் குடும்பத்தினர் காக்க வைத்தார்கள்.

இனிமேல்தான் கதை சிக்கலாகிறது. எல்லாத் தந்திரமும் தெரிந்த அந்த மனிதர், அம்மாவிடமிருந்து ஒரே ஒரு சொல் வராதா என்று ஏங்கி, மீடியங்களைத் தேடிப் போகத் தொடங்கினார்.

1920ல் இங்கிலாந்தில் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலின் நட்பு கிடைத்தது. மகனைப் பறிகொடுத்திருந்த டாயில், ஆவிகள் பேசும் என்பதை முழுமையாக நம்பினார். 1922ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஹோட்டல் அறையில் டாயிலின் மனைவி கையில் பென்சில் பிடித்து, ஹூடினியின் தாயே எழுதுவதாகச் சொல்லி, சுமார் 15 பக்கங்களை மளமளவென்று எழுதினார். எல்லாம் அன்பு மொழிகள்.

ஆனால் முதல் பக்கத்தின் தலையில் ஒரு சிலுவை. யூத குருவின் மனைவி சிலுவை போடுவாரா? கடிதம் முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்கோ ஆங்கிலம் வராது. அன்று அம்மாவின் பிறந்தநாள் என்றார் ஹூடினி. கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு முந்தைய இரவுதான் பெஸ், தன் கணவருக்குத் தாய்மேல் இருந்த பாசத்தைப் பற்றி டாயிலின் மனைவியிடம் விரிவாகப் பேசியிருந்தார். அந்த அம்மையார் வேண்டுமென்றே ஏமாற்றியதாக ஹூடினி நினைக்கவில்லை. ஆனால் நம்பவும் முடியவில்லை. அதைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னதோடு அந்த நட்பு உடையத் தொடங்கியது.

அதன்பின் அவர் மீடியங்களைத் துரத்தினார். உண்மையான ஆவிச் செயலை நிரூபிப்பவருக்கு ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் அறிவித்த பரிசின் நடுவர் குழுவில் சேர்ந்தார். 1924ல் பாஸ்டனில் மார்ஜரி என்ற புகழ்பெற்ற மீடியத்தைச் சோதிக்கப் போனபோது, அன்று பகல் முழுவதும் காலில் இறுக்கமான ரப்பர் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தோல் வீங்கி, தொட்டாலே உணரும் அளவுக்கு ஆனது. இருட்டில் ஆவி மணி அடித்தபோது, பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் கால் மெல்ல நகர்வது அவருக்குத் தெரிந்தது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை.

மேடை நிகழ்ச்சியில் ஒரு பகுதியையே இதற்கு ஒதுக்கினார். ரோஸ் மெக்கன்பர்க் என்ற பெண் துப்பறிவாளர் முன்கூட்டியே ஊருக்குள் போய், துயரத்தில் இருப்பவர் போல உள்ளூர் மீடியங்களைப் பார்ப்பார். திருமணமே ஆகாத ரோஸுக்கு, இறந்த கணவர்களிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் செய்திகள் வந்துகொண்டே இருந்தன! ஹூடினி வந்ததும் அந்த மீடியங்களை மேடையிலிருந்தே பெயர் சொல்லி அழைப்பார். தன்னால் செய்துகாட்ட முடியாத ஒன்றைச் செய்பவருக்கு 10,000 டாலர் தருவதாகச் சவால் விட்டார். கலீனாவில் ஏமாந்தவர்களுக்குக் கடன் தீர்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேடை விளம்பரத்துக்கும் அது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. தலைநகர் வாஷிங்டனில் காசுக்குக் குறி சொல்வதைத் தடைசெய்ய 1926ல் கொண்டுவரப்பட்ட மசோதாவுக்காக நாடாளுமன்றக் குழு முன்பு சாட்சி சொன்னார். அது நிறைவேறவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, குடல்வால் வெடித்து ஏற்பட்ட நச்சுத் தொற்றால் டெட்ராய்ட் மருத்துவமனையில் இறந்தார். வயது 52.

மறுமை என்று ஒன்று இருந்தால் தகவல் அனுப்புவதாக பெஸ்ஸுடன் ஒரு ரகசியக் குறியீட்டை ஏற்பாடு செய்திருந்தார். 1929ல் ஒரு மீடியம் அதைச் சொல்லிவிட்டதாகச் செய்தி பரவியது. முதலில் ஏற்றுக் கையெழுத்திட்ட பெஸ், பிறகு மறுத்துவிட்டார். ஹூடினியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டுக் காத்திருந்தார்.

1936ஆம் ஆண்டு அக்டோபர் 31, ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி. கடைசி முறையாக ஹூடினியை அழைத்தார்கள். மேசைமேல் வைத்திருந்த மணி ஒலிக்கவில்லை. விலங்கு திறக்கவில்லை. பத்து ஆண்டுகள் போதும் என்று முடிவெடுத்த பெஸ், விளக்கை அணைத்துவிட்டார்.