நிஜக் கணினியா, மெய்நிகர் கணினியா?

வேலைப் பயிற்சியின்போது, ஒரு நிரலின் வேகத்தை லினக்ஸ் சர்வர் ஒன்றில் அளக்கச் சொன்னார்கள். மூன்று நாள்களாக எண்கள் ஏறி இறங்கின. தவறு என் நிரலில்தான் என்று நினைத்துத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

மூத்த பொறியாளர் ஒருவர் சொன்னபடி, ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ என்ற கட்டளையைத் தட்டினேன். ‘கேவிஎம்’ என்று பதில் வந்தது. நான் அளந்தது தனிக் கணினியை அல்ல. ஒரே இயந்திரத்தை மற்றவற்றுடன் பகிர்ந்துகொள்ளும் மெய்நிகர் கணினியை. நிஜக் கணினி என்றால் ‘நன்’ என்று வந்திருக்கும்.

ஒரு கணினி இன்னொன்றைப் போல நடந்துகொள்ளலாம் என்பதற்கு அடித்தளமிட்டவர் யார்? தேடியபோதுதான் ஆலன் டியூரிங்கின் வாழ்க்கையைப் படித்தேன்.

1912 ஜூன் 23ஆம் தேதி லண்டனில் பிறந்தவர் அவர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருந்த காலத்தில், டியூரிங்கும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தனர்.

கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1936இல் ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் கணிப்பு இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும், அது செய்வதை அப்படியே செய்யும் பொது இயந்திரம் ஒன்றை அதில் விளக்கினார். அன்று அது தாளில் மட்டுமே இருந்தது.

இரண்டாம் உலகப் போரில், பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கும் கருவியை வடிவமைத்தார். 1950இல், தட்டச்சில் வரும் பதில்களை மட்டும் வைத்து, எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று கண்டறியும் சோதனையை முன்வைத்தார்.

நான் தட்டிய கட்டளையும் கேள்விதான் கேட்கிறது. மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள், செயலி வழியாகத் தன் பெயரைச் சொல்கிறது. பெயரை மறைத்துவிட்டால் கட்டளை ஏமாறலாம். கணக்கின் விடை இரண்டு கணினிகளிலும் ஒன்றே. ஆனால் எடுக்கும் நேரம் ஒன்றல்ல. நான் தடுமாறியது அங்கேதான்.

நாட்டைக் காக்க உழைத்த டியூரிங், தன்பாலின உறவுக்காக 1952இல் குற்றவாளியாக்கப்பட்டார். அரசாங்க ரகசியப் பணிக்கான அனுமதியையும் இழந்தார். 1954 ஜூன் 7ஆம் தேதி, 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு 2013இல்தான் கிடைத்தது.

இப்போதெல்லாம் எந்த சர்வரில் நுழைந்தாலும் முதலில் அந்தக் கட்டளையைத் தட்டுகிறேன். எதை அளக்கிறேன் என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.